மூன்றாம் நாளுக்குப் பிறகு நின்றுபோன கருக்கள்: விந்தணுத் தரம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

இரண்டு முறை இக்ஸி (ஒரு விந்தணுவை ஊசியால் நேராக முட்டைக்குள் செலுத்திக் கருவாக்கும் முறை) செய்தாகிவிட்டது. இரண்டிலும் முட்டைகள் நன்றாகவே கிடைத்தன, கருத்தரிப்பும் நடந்தது, மூன்றாம் நாள்வரை செல்கள் ஒழுங்காகப் பிரிந்தன. அதன் பிறகு பெரும்பாலான கருக்கள் அப்படியே நின்றுவிட்டன. முதல் முறை கரு ஒட்டவில்லை. இரண்டாம் முறை ஒட்டி, ஏழாவது வாரத்தில் கலைந்தது. முட்டையின் தரம் சரியில்லை, தானமுட்டைக்குப் போகலாம் என்ற ஆலோசனையோடு தம்பதியர் வேறொரு மையத்துக்கு வருகிறார்கள். அதுவரை ஐந்து ஆண்டுகளில் ஒரு மருத்துவர்கூடக் கணவரை உடற்பரிசோதனை செய்திருக்கவில்லை.

இந்த ஆய்வில் வருபவர்கள் ஒரு குறிப்பிட்ட குடும்பத்தார் அல்லர். கருத்தரிப்பு மையங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வகையை விளக்குவதற்காகப் பல நிகழ்வுகளின் கூறுகளைச் சேர்த்து அமைத்த மாதிரி நிகழ்வு இது. எண்களும் அதற்கேற்ப அமைக்கப்பட்டவை. அவற்றை ஒப்பிடப் பயன்படும் அளவுகோல்களும் மேற்கோளாக வரும் ஆய்வுகளின் முடிவுகளும் உண்மையானவை.

வந்தபோது இருந்த நிலை

மனைவிக்கு வயது 31. மாதவிடாய் ஒழுங்கு. முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் ஹார்மோன் மில்லி லிட்டருக்கு 2.8 நானோகிராம், கருக்குழாய்கள் இரண்டும் திறந்திருக்கின்றன, கருப்பையில் குறையில்லை, தைராய்டு சரி. கணவருக்கு வயது 36. ஈரோட்டுப் பக்கம் துணி பதனிடும் ஆலை ஒன்றில், துணியைச் சூடான காற்றில் இழுத்து உலர்த்தும் ஸ்டென்டர் இயந்திரத்தில் எட்டு ஆண்டுகளாக வேலை. தினம் பத்து சிகரெட். உடல் பருமன் குறியீடு 29.

கோப்பில் நான்கு ஐயூஐ (கழுவிய விந்தணுக்களைக் கருப்பைக்குள் செலுத்தும் முறை), இரண்டு இக்ஸி. மனைவியின் பெயரில் ஐம்பது பக்கங்களுக்கு மேல் இருந்தன. கணவரின் பெயரில் இருந்தவை இரண்டு தாள்கள். இந்த நிகழ்வில் கவலைப்பட வேண்டிய முதல் விஷயமே அதுதான்.

முதல் தாள், திருமணமான மறு ஆண்டில் ஊரிலுள்ள சிறிய ஆய்வகம் ஒன்று கொடுத்தது. எண்ணிக்கை மில்லி லிட்டருக்கு 48 மில்லியன், அசைவு 60 சதவீதம், இயல்பான வடிவம் 70 சதவீதம், சீழ் செல்கள் 8 முதல் 10, முடிவு ‘நார்மல்’. வடிவம் 70 சதவீதம் என்று எழுதியிருப்பதைப் பார்த்த உடனே அந்தத் தாளை ஒதுக்கிவிடலாம். இன்று பின்பற்றப்படும் கறாரான அளவுகோலில், நன்கு குழந்தை பெறும் ஆண்களிடமும் இயல்பான வடிவம் கொண்ட விந்தணுக்கள் ஒற்றை இலக்கத்திலோ சற்றே மேலோதான் இருக்கும். 70 என்று எழுதும் ஆய்வகம் கறையேற்றி, தலை, நடுப்பகுதி, வால் என்று பார்த்து எண்ணவில்லை. மற்ற எண்களையும் அது எப்படி எடுத்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

‘சீழ் செல்கள்’ என்ற வரியாலும் ஒரு தீங்கு நேர்ந்தது. கணவருக்கு இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார்கள். விந்தில் தெரியும் உருண்டைச் செல்கள் எல்லாம் வெள்ளணுக்கள் அல்ல. முதிராத விந்தணு மூலச்செல்களும் கறையேற்றாமல் பார்த்தால் அப்படியேதான் தெரியும். வெள்ளணுக்களை மட்டும் நிறமேற்றிக் காட்டும் பெராக்சிடேஸ் சோதனை செய்து, வெள்ளணுக்கள் மில்லி லிட்டருக்கு 10 லட்சத்தைத் தாண்டினால்தான் தொற்று அல்லது அழற்சியைப் பற்றி யோசிக்க வேண்டும். அந்தச் சோதனை இங்கே நடக்கவில்லை.

இரண்டாம் தாள் முதல் இக்ஸிக்கு முன் எடுத்தது. அளவு 2.1 மி.லி., மில்லி லிட்டருக்கு 14 மில்லியன், முன்னேறும் அசைவு 26 சதவீதம், மொத்த அசைவு 38 சதவீதம், இயல்பான வடிவம் 3 சதவீதம். அதன் கீழே, ‘லேசான குறைபாடு, இக்ஸிக்குப் போதும்’ என்று ஒரு குறிப்பு.

எண்களைப் படிக்கும் விதம்

உலக சுகாதார நிறுவனம் 2021ல் வெளியிட்ட ஆறாம் பதிப்புக் கையேட்டின்படி கீழ் எல்லைகள் இவை: அளவு 1.4 மி.லி., செறிவு மில்லி லிட்டருக்கு 16 மில்லியன், ஒரு வெளியேற்றத்தில் மொத்தம் 39 மில்லியன், மொத்த அசைவு 42 சதவீதம், முன்னேறும் அசைவு 30 சதவீதம், உயிருள்ளவை 54 சதவீதம், இயல்பான வடிவம் 4 சதவீதம். ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களின் விந்தைப் பரிசோதித்து, அவர்களில் கடைசி 5 சதவீதத்தினர் எங்கே நிற்கிறார்களோ அங்கே போட்ட கோடு இது. கோட்டுக்குக் கீழே இருந்தவர்களுக்கும் குழந்தை பிறந்தது. ஆகவே கோட்டைத் தாண்டிவிட்டதாலேயே குறையில்லை என்று ஆகாது, தாண்டாததாலேயே மலடு என்றும் ஆகாது.

ஒரே ஆணின் எண்கள் வாரத்துக்கு வாரம் வெகுவாக மாறும். ஒரு தாளை நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. குறைந்தது ஒரு மாத இடைவெளியில் இரண்டு பரிசோதனை வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். இரண்டு முறையும் அந்த இடைவெளி ஏறக்குறைய ஒன்றாக இருந்தால்தான் ஒப்பிட முடியும். சேகரிப்பில் நடக்கும் தவறுகள் எளியவை, ஆனால் முடிவையே மாற்றிவிடும். முதலில் வரும் சில துளிகளில்தான் விந்தணு அதிகம். அது கீழே சிந்திவிட்டால் எண்ணிக்கை பாதியாகத் தெரியலாம், சிந்தியதைச் சொல்லிவிட வேண்டும். சோப்பு, எச்சில், கடையில் வாங்கும் வழுவழுப்பு ஜெல், சாதாரண ஆணுறை எதுவும் படக் கூடாது. வீட்டில் எடுத்தால் சட்டைக்குள் உடற்சூட்டில் வைத்து அரை மணி நேரத்துக்குள், மிஞ்சினால் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். மூன்று மணி நேரம் மேசையில் கிடந்த மாதிரியில் அசைவு குறைந்திருந்தால், அதற்குக் காரணம் காத்திருப்புதான்.

ஐயூஐ குறிப்புகளில் முக்கியமான ஓர் எண் விடுபட்டிருந்தது. கழுவிய பிறகு கருப்பைக்குள் செலுத்திய அசையும் விந்தணு எத்தனை? மாதிரியின் மொத்தக் கணக்கைப் போட்டால் 2.1 பெருக்கல் 14 பெருக்கல் 0.38, அதாவது ஏறத்தாழ 11 மில்லியன். கழுவும்போது அதில் பெரும்பகுதி போய்விடும். கழுவிய பின் 5 மில்லியனுக்கு மேல் இருந்தால் ஐயூஐக்கு நியாயமான வாய்ப்பு உண்டு, 1 மில்லியனுக்குக் கீழே போனால் வாய்ப்பு மிகக் குறைவு. ஒவ்வொரு ஐயூஐயிலும் இந்த எண்ணைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது தம்பதியரின் உரிமை. இங்கே நான்கு முறையும் அது பதிவாகவில்லை.

இரண்டு இக்ஸிகளின் கோப்பு

முதல் சுழற்சியில் 12 முட்டைகள். அவற்றில் முதிர்ந்தவை 10, கருத்தரித்தவை 8, மூன்றாம் நாள் நன்றாகப் பிரிந்தவை 7, ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் (கருப்பையில் ஒட்டத் தயாராகும் கரு நிலை) ஆனது 1. இரண்டாம் சுழற்சியில் 13 முட்டைகள், முதிர்ந்தவை 11, கருத்தரித்தவை 8, பிளாஸ்டோசிஸ்ட் 2.

ஆய்வகத்தின் தரத்தை அளக்க 2017ல் வெளியான வியன்னா ஒருமித்த அறிக்கை, இக்ஸியில் இயல்பான கருத்தரிப்பு குறைந்தது 65 சதவீதமும், கருத்தரித்தவற்றில் பிளாஸ்டோசிஸ்ட் குறைந்தது 40 சதவீதமும் இருக்க வேண்டும் என்கிறது. இங்கே கருத்தரிப்பு 80, 73 சதவீதம். பிளாஸ்டோசிஸ்ட்டோ 13, 25 சதவீதம். இடறல் கருத்தரிப்பில் இல்லை, மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையே இருக்கிறது.

அந்த இடம் கவனிக்கத்தக்கது. முதல் இரண்டு நாள்களும் கரு, தாயின் முட்டையில் ஏற்கெனவே சேமித்திருக்கும் பொருள்களைக் கொண்டே ஓடும். நான்கிலிருந்து எட்டுச் செல் நிலைக்கு வரும்போதுதான் கருவின் சொந்த மரபணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன. தந்தையின் டிஎன்ஏவில் முறிவுகள் இருந்தால், அதுவரை ஒளிந்திருந்தவை அப்போது வெளிப்படும். முட்டையின் குறையும் இதே இடத்தில் கருவை நிறுத்தலாம், ஆய்வகச் சூழலும் நிறுத்தலாம். ஆனால் 31 வயது, போதிய முட்டை இருப்பு, நல்ல முதிர்ச்சி விகிதம், இரண்டு வெவ்வேறு ஆய்வகங்கள், ஒரே வகைத் தோல்வி என்று சேர்த்துப் பார்க்கும்போது விந்தணுவைத் தேடாமல் இருப்பது தவறு.

இங்கே இக்ஸியைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரஸ்ஸல்ஸில் உருவாகி 1992ல் முதல் கர்ப்பங்கள் அறிவிக்கப்பட்ட இந்த முறை, விந்தணு மிகக் குறைவாக இருந்ததால் தானவிந்து ஒன்றே வழி என்றிருந்த ஆண்களுக்குச் சொந்தக் குழந்தையைத் தந்தது. அது பெரிய கொடை. எண்ணிக்கை, அசைவு, முட்டையின் ஓட்டைத் துளைக்கும் திறன் ஆகிய மூன்று குறைகளையும் அது தாண்டிப் போகிறது. ஆனால் விந்தணுவின் தலைக்குள் இருக்கும் டிஎன்ஏவை அது தொடுவதே இல்லை. ஆய்வகத்தில் கருவை உருவாக்கும் எம்பிரியாலஜிஸ்ட் 400 மடங்கு உருப்பெருக்கத்தில் வடிவும் அசைவும் நன்றாக உள்ள ஒன்றைத் தேர்ந்து, வாலைத் தட்டி அசைவை நிறுத்தி, ஊசிக்குள் ஏற்றுகிறார். அதன் டிஎன்ஏ முழுதாக இருக்கிறதா என்பது அந்தக் கண்ணாடியில் தெரியாது. ‘இக்ஸிக்கு ஒரு விந்தணு போதும்’ என்ற பேச்சு பாதி உண்மை. அந்த ஒன்று நல்ல விந்தணுவாக இருக்க வேண்டும் என்பதே மீதிப் பாதி.

கணவரின் பரிசோதனை

கேட்க வேண்டிய கேள்விகளுக்குப் பத்து நிமிடம் போதும். சிறுவயதில் விரை இறங்காமல் அறுவை நடந்ததா, குடலிறக்க அறுவை உண்டா, பருவம் வந்த பிறகு பொன்னுக்கு வீங்கி வந்ததா, ஜிம்முக்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ மாத்திரையோ எடுத்தாரா, வேறு மருந்துகள் என்னென்ன, வேலை எப்படி, கடந்த மூன்று மாதங்களில் கடுங்காய்ச்சல் உண்டா? ஊசி பற்றிய கேள்வியை வெட்கப்படாமல் கேட்டே ஆக வேண்டும். வெளியிலிருந்து போகும் டெஸ்டோஸ்டிரோன் மூளையின் கட்டளையை நிறுத்தி, விந்தணு உற்பத்தியையே அடைத்துவிடும். ஆண்மைக்கு நல்லது என்று அதைக் குழந்தைக்காக எழுதிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

இவருக்கு ஊசி இல்லை. ஆனால் இரண்டு செய்திகள் வந்தன. ஸ்டென்டர் அறைகள் 150 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஓடும், அதன் வாயில் நாள் முழுக்க நிற்கிறார். விரை வேலை செய்ய உடற்சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவான சூடு வேண்டும். அடுத்தது, இரண்டாவது இக்ஸிக்கு ஏழு வாரம் முன்பு அவருக்கு டெங்கு வந்து 103 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் ஐந்து நாள் இருந்திருக்கிறது. ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாளும், விரைமேல் குழாயில் முதிர ஒன்றிரண்டு வாரமும் ஆகும். அந்தக் காய்ச்சலின்போது உருவாகிக்கொண்டிருந்த அணுக்கள்தான் இக்ஸி நாளில் கிண்ணத்துக்குள் வந்தன. யாரும் கேட்காததால் அவரும் சொல்லவில்லை.

பின்பு நிற்க வைத்துப் பரிசோதனை. இடது விரைக்கு மேலே வீங்கிய சிரைக் கொத்து கண்ணுக்கே தெரிந்தது: மூன்றாம் நிலை வெரிக்கோசீல், அதாவது விரையின் சிரை வீக்கம். இடது விரை 11 மி.லி., வலது 15 மி.லி. இடப்பக்கச் சிரை நேராகச் சிறுநீரகச் சிரைக்குள் செங்குத்தாகப் போய்ச் சேருவதால் அங்கே இரத்தம் தேங்குவது அதிகம். தேங்கும் இரத்தம் சூட்டையும் ஆக்சிஜன் வழி அழுத்தத்தையும் (வினைத்திறன் மிகுந்த ஆக்சிஜன் மூலக்கூறுகளால் செல்களுக்கு நேரும் சேதத்தை) கூட்டுகிறது. பொதுவாக ஆண்களில் 15 சதவீதத்தினருக்கு வெரிக்கோசீல் உண்டு, குழந்தையின்மைக்காக வரும் ஆண்களில் அது 35 முதல் 40 சதவீதம். பலர் அதோடு இயல்பாகவே தந்தையாகிறார்கள். படுக்க வைத்துப் பார்த்தால் தவறிவிடும். அதே சமயம் கையில் தட்டுப்படாமல் டாப்ளர் ஸ்கேனில் மட்டும் தெரியும் வெரிக்கோசீலுக்கு அறுவை செய்வதால் பயனில்லை.

விந்தணு உற்பத்தியைத் தூண்டும் எஃப்எஸ்எச் ஹார்மோன் 7.8, காலை டெஸ்டோஸ்டிரோன் 380. இருவரின் குரோமோசோம் சோதனையும் இயல்பு. ஒய் குரோமோசோம் நுண்குறைபாட்டுச் சோதனை, எண்ணிக்கை 5 மில்லியனுக்குக் கீழே இருந்தால் செய்வது. இங்கே தேவைப்படவில்லை.

டிஎன்ஏ சிதைவுக் குறியீடு, அதாவது டிஎஃப்ஐ, 41 சதவீதம். விந்தணு உருவாகும்போது டிஎன்ஏவைச் சுற்றியுள்ள ஹிஸ்டோன் புரதங்கள் விலகி புரோட்டமின் வந்து இறுக்கமாகக் கட்ட வேண்டும். அந்தக் கட்டு தளர்ந்தால் வினைத்திறன் மிகுந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் இழைகளை முறிக்கும். பொதுவாக 15க்குக் கீழே நல்லது, 30க்கு மேல் கவலைக்குரியது. ஆனால் எஸ்சிஎஸ்ஏ, டியூனெல், ஹேலோ முறை, காமெட் எனச் சோதனைகள் பல, ஒன்றின் எல்லை மற்றொன்றுக்குப் பொருந்தாது. எந்த முறையில் எடுத்தது என்று தாளில் இல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. இந்தச் சோதனையை எல்லா ஆண்களுக்கும் முதல் நாளே எழுதிக் கொடுப்பதும் சரியல்ல, அமெரிக்கச் சிறுநீரகவியல், இனப்பெருக்க மருத்துவச் சங்கங்களின் வழிகாட்டுதலும் முதல்கட்டத்தில் வேண்டாம் என்றே சொல்கிறது. கருச்சிதைவு, விளங்காத தோல்வி, வெரிக்கோசீல் உள்ள இடங்களில்தான் அது உதவும்.

தானமுட்டை ஆலோசனையையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். முட்டைக்கு, உள்ளே வரும் டிஎன்ஏவின் முறிவுகளை ஓரளவு செப்பனிடும் திறன் உண்டு. இளம் தானமுட்டையில் அது அதிகம். ஆகவே தானமுட்டைச் சுழற்சி வெற்றி பெற்றிருக்கவும் கூடும். அப்படி நடந்திருந்தால், தன் முட்டைதான் கெட்டது என்ற தீர்ப்பை அந்தப் பெண் வாழ்நாள் முழுக்கச் சுமந்திருப்பார்.

எடுத்த முடிவுகள்

மூன்றாவது இக்ஸியை ஆறு மாதம் தள்ளிப்போட முடிவானது. மனைவிக்கு 38 வயது என்றால் இந்த முடிவு வேறாக இருந்திருக்கும். அப்போது முட்டைகளை எடுத்துக் கருவாக்கி உறைய வைப்பதையும் கணவரின் சிகிச்சையையும் ஒரே நேரத்தில் தொடங்குவது மேல்.

வெரிக்கோசீலுக்கு நுண்ணோக்கி அறுவை. இடுப்புக்குக் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீறல். விந்துநாண் வெளியே எடுக்கப்பட்டு, வீங்கிய சிரைகள் ஒவ்வொன்றாகக் கட்டி வெட்டப்படுகின்றன. விரைத் தமனியையும் நிணநீர்க் குழாய்களையும் காப்பதுதான் இதில் கைத்திறன். தமனி போனால் விரை சுருங்கலாம், நிணநீர்க் குழாய் போனால் விரையைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும். நுண்ணோக்கி இல்லாமல் செய்யும்போது இவையும், வெரிக்கோசீல் மீண்டும் வருவதும் அதிகம். ஒரு வாரத்தில் இலகுவான வேலை, ஒரு மாதத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது.

ஆலையில் அவர் துணி சரிபார்க்கும் பிரிவுக்கு மாறினார். சிகரெட்டை நிறுத்த இரண்டு மாதம் பிடித்தது. எடை ஆறு கிலோ குறைந்தது.

மருந்துக் கடையில் ஆயிரக்கணக்கில் செலவாகும் ‘ஆன்டிஆக்சிடன்ட்’ மாத்திரைகள் நிறுத்தப்பட்டன. அமெரிக்காவில் 2,370 தம்பதியரைக் கொண்டு நடந்து 2020ல் வெளியான ஆய்வில், ஃபோலிக் அமிலமும் துத்தநாகமும் ஆறு மாதம் எடுத்த ஆண்களின் மனைவியரில் 34 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களின் மனைவியரில் 35 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. மாத்திரை எடுத்தவர்களிடம் டிஎன்ஏ சிதைவு சற்றுக் கூடுதலாகவே இருந்தது. வயிற்று உபாதைகளும் அவர்களுக்குத்தான் அதிகம்.

மூன்றாம் மாதம்: 22 மில்லியன், முன்னேறும் அசைவு 34, டிஎஃப்ஐ 29. ஆறாம் மாதம்: 31 மில்லியன், அசைவு 41, வடிவம் 4, அதே ஆய்வகத்தில் அதே முறையில் எடுத்த டிஎஃப்ஐ 20. இதில் அறுவையின் பங்கு எவ்வளவு, சூட்டிலிருந்து விலகியதன் பங்கு எவ்வளவு, சிகரெட்டை விட்டதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. டெங்குவின் பாதிப்பு தானாகவே கழிந்திருக்கும். முதல் எண்ணே தற்செயலாக மோசமான நாளொன்றில் எடுத்ததாகவும் இருக்கலாம். ஒரு தம்பதியின் முன்னேற்றம் ஒரு சிகிச்சையை நிறுவாது.

மூன்றாவது சுழற்சி

எண்ணிக்கை இப்போது இயல்பான எல்லைக்குள் இருந்ததால் சாதாரண ஐவிஎஃப் (கிண்ணத்தில் முட்டையோடு விந்தணுக்களை விட்டுத் தானாகக் கருத்தரிக்க விடும் முறை) போதாதா என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் அதில் எதுவும் கருத்தரிக்காமல் போகும் சிறிய ஆபத்து உண்டு. முந்தைய இக்ஸிகளில் கருத்தரிப்பு நன்றாக இருந்ததால் அதிலேயே தொடர்ந்தார்கள்.

மாற்றியது மாதிரி எடுக்கும் விதத்தை. முன்பு இரண்டு முறையும் அதிகம் சேரட்டும் என்று ஐந்தாறு நாள் காத்திருந்து கொடுத்திருக்கிறார். விரைமேல் குழாயில் தங்கும் நாள் கூடக் கூட விந்தணுவின் டிஎன்ஏ சேதம் கூடுகிறது. இக்ஸிக்கு எண்ணிக்கை பொருட்டல்ல. எனவே முதல் நாள் இரவு ஒரு முறை வெளியேற்றி, மறுநாள் காலை மாதிரி கொடுத்தார்.

கழுவும் முறையும் மாறியது. 40, 80 சதவீத அடர்த்தி அடுக்குகளில் ஊற்றி 300 ஜி விசையில் 15 நிமிடத்துக்கு மேல் சுழற்றுவது வழக்கமான முறை. வெள்ளணுக்களும் இறந்த அணுக்களும் நிறைந்த மாதிரிக்கு அது ஏற்றது. இங்கே அசைவு நன்றாக இருந்ததால் சுழற்றாமல் நீந்தி ஏறும் முறை: ஒரு மி.லி. விந்தின் மேல் 1.2 மி.லி. ஊடகத் திரவத்தை மெல்ல ஊற்றி, குழாயை 45 டிகிரி சாய்த்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, மேல் அடுக்கை மட்டும் எடுத்தார்கள். முட்டையைச் சுற்றியிருக்கும் ஹயலுரோனன் என்ற பொருளில் ஒட்டும் விந்தணுவைத் தேர்ந்தெடுக்கும் முறையும் பேசப்பட்டது. பிரிட்டனில் 2,772 தம்பதியரிடம் நடந்து 2019ல் வெளியான ஆய்வில் குழந்தைப் பிறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை, கருச்சிதைவு மட்டும் 7லிருந்து 4 சதவீதமாகக் குறைந்தது. கூடுதல் கட்டணம் கேட்கும் மையம் இந்த இரண்டு விவரத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். டிஎஃப்ஐ குறையாமலே இருந்திருந்தால், விரையிலிருந்தே ஊசி மூலம் விந்தணு எடுப்பது அடுத்த வழியாக இருந்திருக்கும். அங்கே சிதைவு குறைவு. ஆனால் அது ஓர் அறுவைச் செயல், சான்றும் இன்னும் உறுதியாகவில்லை. அதைக் கடைசியில்தான் வைக்க வேண்டும்.

12 முட்டைகள், முதிர்ந்தவை 10, கருத்தரித்தவை 8, பிளாஸ்டோசிஸ்ட் 5. அனைத்தும் உறைய வைக்கப்பட்டன. முதல் கரு பதித்தல் பலிக்கவில்லை. நல்ல பிளாஸ்டோசிஸ்ட் பதித்தாலும் பலிக்காமல் போவது சாதாரணம். அதைக் கொண்டு மறுபடி புதிய சோதனைகளுக்கு ஓடவில்லை. இரண்டு மாதம் கழித்து இரண்டாவது கரு, ஒன்று மட்டுமே, பதிக்கப்பட்டது. 38ஆம் வாரத்தில் 2.8 கிலோ எடையில் பெண் குழந்தை.

மூன்று கருக்கள் உறைநிலையில் உள்ளன. 2021ஆம் ஆண்டின் இந்தியச் சட்டப்படி பத்து ஆண்டுக்கு மேல் அவற்றை வைத்திருக்க முடியாது. சேமிப்புப் படிவத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று மையத்தின் விதி. அடுத்த குழந்தைக்கு முதலில் இயற்கையாக ஓராண்டு முயலச் சொல்லியிருக்கிறார்கள். கணவர் ஸ்டென்டர் பிரிவுக்குத் திரும்புவதாக இருந்தால் மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை ஒன்றை மீண்டும் செய்துகொள்ள வேண்டும் என்பதும் அவருடைய கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது.